அன்று முழு ரீல், இன்று க்ளிப்

புனே திரைப்பட இன்ஸ்டிடியூட் 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது. அந்தக் காலத்து மாணவர் தன் டிப்ளமா படத்துக்கு மனத்தைக் கலங்கடிக்கும் காட்சி ஒன்றை எடுக்க நினைத்தால், முன்னோர் எப்படி எடுத்தார்கள் என்று பார்க்கவே பிரின்ட் தேடி அலைய வேண்டும். 1964இல் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதே ஊரில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதை வளர்த்த பி.கே. நாயர், இன்ன காட்சி இத்தனையாவது ரீலில் என்று நினைவிலிருந்தே சொல்வாராம். ஆனால் காட்சி மட்டும் தனியாக வராது. ஆயிரம் அடி ரீல் என்றால் சுமார் 11 நிமிடம். முன்னும் பின்னும் சேர்ந்தே ஓடும்.

இன்று ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலை கைபேசியிலேயே கிடைக்கிறது. 78 கேமரா அமைப்புகள், 52 கட் என்ற கணக்கையே தலைப்பாக்கி 2017இல் ஓர் ஆவணப்படம் வந்துவிட்டது. மாணவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். கத்தி உடலில் இறங்குவதைக் கிட்டத்தட்ட காட்டவே இல்லை என்பது பிடிபடுகிறது. கொலையாளியின் முகம் எப்படி நிழலில் மறைகிறது என்பதும் தெரிகிறது. ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசைக்கு முறை வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் கனவு. லாபம்தான், மறுக்க முடியாது. க்ளிப்பில் வராதது அதற்கு முந்தைய முக்கால் மணி நேரம். நாயகி மேரியன் பணத்தைத் திருடி, பயந்து, மழையில் கார் ஓட்டி, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனம் மாறிய பிறகுதான் ஷவரைத் திறக்கிறாள். அதைப் பார்க்காதவர் கட்களை மட்டும் எண்ணிவிட்டுத் தன் படத்தையும் துண்டு துண்டாக வெட்டுகிறார். அதிர்ச்சி வருவதில்லை, கண்தான் வலிக்கிறது.

வேகமே இல்லாமலும் கலங்கடிக்கலாம். புனேயில் சில காலம் பாடம் நடத்திய ரித்விக் கட்டக்கின் ‘மேகே தாக்க தாரா’வில் (1960), காதலன் வேறொருத்தியோடு இருப்பது தெரிந்து நாயகி நீதா படியிறங்குகிறாள். கேமரா கீழிருந்து அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது, ஒலித்தடத்தில் சாட்டையடி. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

படப்பிடிப்பிலும் கணக்கு மாறிவிட்டது. 16 மி.மீ. ஃபிலிம் 400 அடிக்கு 11 நிமிடம். அதையும் அளந்துதான் கொடுப்பார்கள். லேபிலிருந்து ரஷ் வந்த பிறகே ஃபோகஸ் போனது தெரியும். அதனால் ஒத்திகை, லென்ஸ், தூரம் எல்லாம் கேமரா ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். இப்போது மெமரி கார்டு இருக்கிற தைரியத்தில் “இன்னும் ஒண்ணு போகலாம்” என்கிறார்கள். இருபதாவது டேக்கில் அலறும்போது நடிக்க வந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கும். மானிட்டரில் ஃபோகஸ் மட்டும் பிரமாதமாக இருக்கும்.