ஏரிக்கரை நிலாவும் ஒரு மிளகும்

பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். 2019-இல் இங்கே பசுமைப் பூங்கா வந்ததிலிருந்து மாலையில் நடக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கிழக்கே மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்னாலிருந்து செம்மஞ்சளாக நிலா கிளம்பியதும் நடை நின்றுபோகும், ஆளாளுக்குச் செல்போனைத் தூக்குவார்கள். "இன்னிக்கு நிலா ரொம்பக் கிட்ட வந்திருக்குப்பா" என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். எடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கும். கண்ணுக்குத் தாம்பாளமாகத் தெரிந்தது திரையில் ஒரு பொட்டுக்குக்கூடத் தேறவில்லை.

பழி செல்போன் மேல் விழும். அதன் லென்ஸ் அகலமான காட்சியை அடக்குவதற்காக அமைந்தது, தொலைவில் இருப்பதைச் சிறிதாகத்தான் காட்டும் என்பது உண்மை. ஆனால் அதே செல்போனில், அதே ஜூமில், நள்ளிரவு வாக்கில் உச்சிக்கு ஏறிய நிலாவையும் எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அளவில் வித்தியாசம் தெரியாது.

செல்போனை நம்பாதவர்களுக்கு ஒரு மிளகு போதும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள மிளகாகப் பார்த்து எடுத்து, ஒரு குச்சி நுனியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுக்க நீட்டி நிலாவுக்கு நேராகப் பிடியுங்கள். ஏரிக்கு மேலே எழுகிற அந்தப் பெரிய நிலா மிளகுக்குப் பின்னால் ஏறக்குறைய மறைந்துவிடும். உச்சிக்கு வந்த சின்ன நிலாவும் அப்படியே மறையும். நிலா நம் கண்ணில் பிடிக்கும் கோணம் எப்போதும் ஏறத்தாழ அரை டிகிரிதான்.

இன்னும் கறாராகச் சொன்னால், அடிவான நிலாதான் சிறியது. சென்னையில் நிலா தலைக்கு நேர் மேலேயே வரும் இரவுகள் உண்டு. அப்போது அது, எழும்போது இருந்ததைவிடப் பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், நமக்குக் கிட்டே இருக்கிறது. சராசரித் தூரமான 3,84,400 கிலோமீட்டரில் இது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். "கிட்ட வந்திருக்கு" என்று நாம் சொல்லும் நேரத்தில்தான் நிலா எட்ட இருக்கிறது.

நிலா பூமிக்கு வழக்கத்தைவிடக் கிட்டே இருக்கும் பௌர்ணமியான 'சூப்பர் மூன்' நாளில் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் போடும் சத்தத்தையும் இங்கே சொல்லிவிடலாம். அன்றைய நிலா சராசரி முழுநிலவைவிட அகலத்தில் ஏழு சதவீதம் பெரிதாக இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு நிலாவை வைத்து ஒப்பிட முடியாத நிலையில் அதை வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். அன்று மொட்டைமாடிக்கு ஓடி மக்கள் வியப்பதெல்லாம் பெரும்பாலும் எல்லாப் பௌர்ணமிக்கும் உரிய அடிவான மயக்கத்தைத்தான்.

காற்று பூதக்கண்ணாடி வேலை செய்கிறது என்பது பழைய விளக்கம். பழங்கால வானியலாளர் தாலமி காலத்திலிருந்தே அது உண்டு. காற்று ஒளியை வளைப்பது நிஜம், ஆனால் அதனால் அடிவான நிலா மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுங்குமே தவிர அகலத்தில் பெரிதாகாது. கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டிலேயே விஷயத்தைக் காற்றிலிருந்து மனித மூளைக்கு மாற்றினார். நமக்கும் நிலாவுக்கும் நடுவே நிலமும் மரமும் வீடும் வரிசையாகத் தெரியும்போது அது வெகுதொலைவில் இருப்பதாக உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. 'இவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால், பொருள் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்' என்று மூளை முடிவு கட்டுகிறது. 1962-இல் அமெரிக்க உளவியலாளர்கள் லாயிட் காஃப்மனும் இர்வின் ராக்கும் செயற்கை நிலாக்களை வைத்துச் சோதித்தார்கள். இடையிலுள்ள நிலக்காட்சியை மறைத்ததும் மயக்கம் மறைந்தது. ஏரிக்கரையில் காலை அகட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாக நிலாவைப் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு அது சுருங்கும். பக்கத்தில் நடப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வழக்கு இத்தோடு முடிந்துவிடவில்லை. தூரமாகக் கணித்ததால் பெரிதாகத் தெரிகிறது என்றால், வாய் மட்டும் ஏன் "கிட்ட வந்திருக்கு" என்கிறது? இந்த முரண்பாட்டைத் தீர்க்க ஆளுக்கொரு கோட்பாடு வைத்திருக்கிறார்கள், எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

வெளிச்சத்திலும் மூளை இப்படி ஊகித்துத்தான் பார்க்கிறது. அதை அழகாகக் காட்டியவர் நம் ஊர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். இழந்த கை வலிப்பதாகத் துடித்தவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டு நிவாரணம் தேடியவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். 1988-இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதியது வேறு விஷயம். மேல்பக்கம் வெளுத்து, கீழ்ப்பக்கம் கறுத்த வட்டத்தைக் காட்டினால் மேடு என்கிறோம். அதையே தலைகீழாகத் திருப்பினால் குழி என்கிறோம். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலேயே வைத்துக்கொள்கிறது. ஏரிச் சேற்றில் பதிந்த காலடித் தடத்தைச் சாய்வெயிலில் படம் எடுத்து, செல்போனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் குழிந்த தடம் புடைத்து எழும்.

இந்த ஊகங்களைப் பிறந்து வளர்ந்த பழக்கத்தில் கற்றோமா, பிறவியிலேயே இருந்தனவா? பதிலின் ஒரு பகுதி டெல்லியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், பிறவிக் கண்புரையால் பார்வையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே அறுவை சிகிச்சை செய்துவைக்கிறது. ஒடுங்கிச் செல்லும் தண்டவாளம் போன்ற இரு கோடுகளுக்கு நடுவே சம நீளமுள்ள இரண்டு குறுக்குக் கோடுகளை வரைந்தால், மேலே உள்ளது நமக்கு நீளமாகத் தெரியும். நிலா மயக்கத்துக்கு உறவுக்கார மயக்கம் இது. 8 முதல் 16 வயது வரையிலான ஒன்பது பிள்ளைகளுக்குப் பார்வை வந்த உடனேயே இந்தப் படத்தைக் காட்டினார்கள். தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்தே அறியாத அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். 2015-இல் வெளியான இந்த முடிவு, அனுபவம்தான் கண்ணை ஏமாற்றப் பழக்குகிறது என்ற நம்பிக்கையை ஆட்டிவிட்டது.

மிளகைப் பிடித்து அளந்த பிறகும் எழுகிற நிலா பெரிதாகத்தான் தெரியும். அறிவு ஒருபக்கம் இருக்க, பார்வை தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. நிலா விஷயத்தில் இதனால் ஒரு நட்டமும் இல்லை. தண்டவாளத்தில் நிலைமை வேறு.

நேரே வரும் ரயில் எஞ்சினின் முகப்பு மூன்று மீட்டருக்குச் சற்று மேல் அகலம். 350 மீட்டர் தொலைவில் அது கண்ணுக்கு நிலாவின் அகலம்தான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஆறு விநாடி கழித்தும் இரண்டு நிலா அகலம்தான். 'மெதுவாகத்தான் வருது' என்று தோன்றும். அடுத்த ஐந்து விநாடியில் அது ஏழு நிலா அகலத்தைத் தாண்டும், அதற்குப் பிறகு இரண்டு விநாடிகூட மிச்சமில்லை. பெரிய பொருள் சிறியதைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றும் என்றும், ரயில்வே கேட் விபத்துகளுக்கு இதுவும் காரணமாகலாம் என்றும் உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985-இலேயே எழுதினார். பெரிய விமானம் தரையிறங்கும்போது மிதப்பது போலிருப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் மின்சார ரயிலும் எக்ஸ்பிரஸும் ஓயாமல் ஓடுகின்றன. அம்பத்தூரிலோ ஆவடியிலோ இந்துக் கல்லூரி நிலையத்திலோ, "வண்டி தூரத்துலதான் இருக்கு" என்று உங்கள் கண் சொன்னால் அதை நம்பித் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். நடை மேம்பாலத்தில் ஏறிப் போங்கள், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம் கூடுதலாகும்.