ஓடிய தூரமும் ஒதுக்கிய தூரமும்
சாதனைப் பட்டியல்கள் – 9

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு எதிரணியைப் பிளந்து ஓடுவதற்கு ரஷிங் என்று பெயர். எத்தனை யார்டு முன்னேறினார் என்பதே ஓடுபவரின் கணக்கு. மாடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி இந்தக் கலையில் பெயர் பெற்றது. அங்கே 1996 முதல் 1999 வரை ஆடிய ரான் டேய்ன், கனத்த உடம்போடு தடுப்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுபவர். 1999 நவம்பர் 13 அன்று சொந்த மைதானமான கேம்ப் ராண்டலில் ஐயோவா அணிக்கு எதிராக 216 யார்டு ஓடினார். டெக்சாஸ் அணியின் ரிக்கி வில்லியம்ஸ் முந்தைய ஆண்டு 6,279 யார்டில் நிறுத்தியிருந்த வாழ்நாள் சாதனை அன்று உடைந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. டேய்னின் பெயருக்கு நேரே எழுதியது 6,397. ஆனால் நான்கு ஆண்டுகளில் அவர் ஓடியது 7,125 யார்டு. இடையில் காணாமல் போன 728 யார்டுதான் இந்த வாரத்தின் விஷயம்.

சீசன் முடிந்ததும், டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும், நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் போட்டிகளை பவுல் ஆட்டங்கள் என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல் அவற்றில் மிகப் பழையது, மிக மதிப்புக்குரியது. இவற்றை விருந்து ஆட்டங்களாகக் கருதிய என்.சி.ஏ.ஏ., 2002 சீசனுக்கு முன்பு வரை அவற்றில் எடுத்த யார்டுகளைத் தனிநபர் கணக்கில் சேர்க்கவில்லை. 2002 முதல் சேர்க்கத் தொடங்கியது; பழைய ஆட்டங்களுக்குப் பின்னோக்கிப் போகவில்லை. டேய்ன் நான்கு பவுல் ஆட்டங்களில் முறையே 246, 36, 246, 200 யார்டு ஓடியவர். கடைசி இரண்டும் ரோஸ் பவுல். 1999இல் யுசிஎல்ஏவுக்கு எதிராகவும், 2000இல் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகவும். இரண்டிலும் விஸ்கான்சின் வென்றது, இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் அவரே. ஒரு கல்லூரி வீரர் தன் வாழ்நாளில் ஆடக்கூடிய மிகக் கடினமான ஆட்டங்கள் இவை. அவற்றை விருந்து என்று ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

2016 டிசம்பர் 17 அன்று இந்த ஒதுக்கலின் விளைவு வெளியே வந்தது. சான் டியாகோ ஸ்டேட் அணியின் டானல் பம்ஃப்ரி, லாஸ் வேகாஸ் பவுலில் ஹூஸ்டனுக்கு எதிராக 115 யார்டு ஓடி 6,405ஐ எட்டினார். டேய்னின் அதிகாரபூர்வ எண்ணை 8 யார்டு தாண்டிவிட்டார், சாதனை கைமாறியது. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பவுல் ஆட்டங்களை இருவருக்கும் சேர்த்தால் டேய்ன் 720 யார்டு முன்னால் நிற்கிறார். இருவருக்கும் நீக்கினாலும் அவரே முன்னால். ஏனென்றால் அந்தக் கடைசி பவுலுக்கு முன்பு பம்ஃப்ரியின் கணக்கு 6,290தான், அதிலும் அவருடைய முந்தைய பவுல் ஆட்டங்கள் அடங்கியிருந்தன. ஒருவருக்குச் சேர்த்து மற்றவருக்கு நீக்கினால் மட்டுமே பம்ஃப்ரி முதலிடத்துக்கு வருகிறார். நேர்மையான இரண்டு அளவுகோல்களும் ஒரே பெயரைச் சொல்லும்போது, இரண்டையும் கலந்த மூன்றாவது அளவுகோல் வேறொரு பெயரைச் சொல்கிறது. ஏட்டில் ஏறியதோ அந்த மூன்றாவது. விதி மாறலாம். மாறிய விதியின் கீழ் வந்த எண்ணையும் பழைய விதியின் கீழ் வந்த எண்ணையும் ஒரே பத்தியில் அடுக்கி, மேலே இருப்பவர் பெரியவர் என்று சொல்வதுதான் கூடாது.

இதில் பம்ஃப்ரியின் குற்றம் எதுவும் இல்லை. டேய்னோடு ஒப்பிட்டால் சிறிய உடம்பு. ஆனாலும் ஒவ்வொரு முறை பந்தை ஏந்தியபோதும் சராசரியாக 6 யார்டுக்கு மேல் ஓடியவர், அந்தச் சராசரியில் டேய்னை விட ஒரு படி மேல். அவர் ஓடிய ஒவ்வொரு யார்டும் உண்மையானது. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் படம் மாறுகிறது. 54 ஆட்டங்களில் அவருடைய சராசரி 118.6. டேய்னுக்கு 47 ஆட்டங்களில் 151.6. அதே விஸ்கான்சினில் பின்னாளில் ஆடிய ஜொனதன் டெய்லர் 2017 முதல் 2019 வரை மூன்றே சீசன்களில், 41 ஆட்டங்களில், 6,174 யார்டு ஓடினார், சராசரி 150.6. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே கல்லூரியின் இரண்டு ஓட்டக்காரர்கள் ஒரு யார்டு வித்தியாசத்தில் நிற்பதை வாழ்நாள் பட்டியல் நமக்குக் காட்டவே இல்லை.

ஒற்றை ஆட்டச் சாதனைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 2014 நவம்பர் 15 அன்று நெப்ராஸ்காவுக்கு எதிராக விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் மூன்றே கால்பகுதிகளில் 408 யார்டு ஓடினார். ஒரு வாரத்தில் ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் 427 ஓடி அதை முறியடித்தார். அன்றும் ஆட்டம் அறுபது நிமிடம், இன்றும் அறுபது நிமிடம். சீசன் கணக்குதான் நீண்டுகொண்டே போகிறது. 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணியின் பேரி சாண்டர்ஸ் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடி 39 டச் டவுன் எடுத்தார், அதாவது 39 முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தார். ஹாலிடே பவுலில் வயோமிங்குக்கு எதிராக எடுத்த 222 யார்டும் 5 டச் டவுனும் கணக்கில் இல்லை. 2011இல் விஸ்கான்சினின் மான்டீ பால் 39 டச் டவுன் எடுத்தபோது சாண்டர்ஸைச் சமன் செய்தார் என்று எழுதினார்கள். பால் ஆடியது பவுலும் சேர்த்து 14 ஆட்டங்கள். பால் மகத்தான ஆட்டக்காரர், மறுப்பில்லை. ஆனால் 12 ஆட்டங்களில் 44 எடுத்தவரை அவர் சமன் செய்யவில்லை.

பழைய பவுல் கணக்குகளையும் சேர்க்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் இரண்டு கனமானவை. முதலாவது, பழைய பவுல் ஆட்டங்களின் குறிப்புகள் முழுமையாக இல்லை. சிலருக்குச் சேர்த்துச் சிலருக்கு விட்டால் புது அநீதி பிறக்கும் என்பது. குறைவான குறிப்பு கவலைக்குரியதுதான். ஆனால் கல்லூரி ஃபுட்பாலில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட, எழுதப்பட்ட ஆட்டங்களே பவுல் ஆட்டங்கள்தாம். டேய்னின் 728 யார்டும் சாண்டர்ஸின் 222 யார்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் பதிவாகி இருக்கின்றன, யாரும் மறுக்கவில்லை. குறிப்பு கிடைக்காத பழைய ஆண்டுகளை அடையாளமிட்டுத் தனியே வைக்கலாம். பேஸ்பால் இதைவிடக் கடினமான வேலையைச் செய்திருக்கிறது. கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளின் கணக்குகளை, கிடைத்த அளவுக்குத் திரட்டி, 2024இல் மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. டை காப்பின் .367 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரியைத் தாண்டி நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சன் .372 என்று முதலிடத்துக்கு வந்தார். தேடினால் திருத்தலாம் என்பதற்கு அது போதுமான சான்று.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. டேய்ன் காலத்தில் பவுல் ஆட்டங்கள் ஏறக்குறைய இருபதுதான். நல்ல அணியில் இடம் கிடைத்தவருக்கே அந்தக் கூடுதல் ஆட்டம் வாய்த்தது. அதைச் சேர்ப்பது, தோற்கும் அணியில் தனியாக உழைத்த ஓட்டக்காரருக்கு அநியாயம் அல்லவா? அநியாயம்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பவுல் ஆட்டங்கள் நாற்பதாகப் பெருகிய பிறகும் இன்றைய விதி அதே அநியாயத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மருந்து மொத்தத்துக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையையும் சராசரியையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுவது. பழையவர்களின் யார்டுகளை விட்டுவிடுவதால் அந்தத் தோற்ற அணிக்காரருக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை.

அவசரமும் இருக்கிறது. 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டங்களில் 2,601 யார்டு ஓடினார். ஃபியஸ்டா பவுலில் இன்னும் 28 யார்டு கிடைத்திருந்தால், ஹாலிடே பவுல் கழிக்கப்பட்ட சாண்டர்ஸின் எண் இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருக்கும். அதே சீசனில் தொடங்கிய, சாம்பியனை முடிவுசெய்யும் பன்னிரண்டு அணி பிளேஆஃபையும் சேர்த்து ஓஹையோ ஸ்டேட்டும் நோட்ர டேமும் 16 ஆட்டங்கள் ஆடின. சாண்டர்ஸின் 11 ஆட்டங்களை விட ஐந்து ஆட்டங்கள் கூடுதலாகக் கிடைக்கும் ஒருவர் 2,628ஐத் தாண்டும் நாள் வரும். அதற்கு முன்பே என்.சி.ஏ.ஏ. சாண்டர்ஸின் பெயருக்கு நேரே 12 ஆட்டங்கள், 2,850 யார்டு என்று எழுத வேண்டும். டேய்னின் பெயருக்கு நேரே 47 ஆட்டங்கள், 7,125 என்று எழுத வேண்டும்.