கம்ப்யூட்டர் வேகம் குறைகிறதா? முதலில் தூசியைப் பாருங்கள்!

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் முதல் ஆண்டு நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு கோடைக் காலத்தில் பேன் பெரிதாகச் சத்தம் போடுகிறது. வீடியோ திக்கித் திணறுகிறது. சில சமயம் பாதி வேலையில் தானாகவே அணைந்து விடுகிறது. உடனே 'வைரஸ் வந்து விட்டது' என்று முடிவு கட்டி, பார்மட் செய்யக் கொடுத்து விடுகிறோம். காப்பி எடுத்து வைக்காத குடும்பப் போட்டோக்கள் அதோடு போய் விடுகின்றன. ஆனால் கோளாறு போவதில்லை. ஏனென்றால் காரணம் வைரஸ் அல்ல, கேபினட்டுக்குள் படிந்த தூசி!

வேகம் குறைய வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஆன் செய்தவுடன் நன்றாக ஓடி, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் திணறினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஆன் செய்த நிமிடத்திலிருந்தே மெதுவாக இருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

வெப்பம் போகும் வழி

கம்ப்யூட்டர் எடுத்துக் கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. மேஜைக் கம்ப்யூட்டர்களில் 65 வாட் ப்ராசசர்கள் சாதாரணம். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டவர்களுக்கு இந்தச் சூடு புரியும். அத்தனை சூடும் ஒரு சிறு சில்லுக்குள் உண்டாகிறது.

வெப்பத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அது ப்ராசசரிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகளுக்குப் போகிறது. பேன் காற்று அதை அறைக்குத் தள்ளுகிறது. ஆகவே அறை 38 டிகிரி செல்சியஸ் இருந்தால், ப்ராசசர் அதற்கும் கீழே குளிராது.

லேப்டாப்பில் ஹீட் சிங்க்குக்கு இடம் குறைவு. அங்கே 'ஹீட் பைப்' என்ற செம்புக் குழாய் உதவுகிறது. அதற்குள் காற்றை நீக்கி, மிகக் குறைந்த அளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். ப்ராசசர் பக்கம் நீர் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீராகித் திரும்பும். மோட்டார் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக் கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் உருவாக்கிய ஹீட் பைப்தான் இன்று உங்கள் மடியில் வேலை செய்கிறது.

இந்தப் பாதையில் எங்கே தூசி அடைத்தாலும் சூடு தேங்கும். பல ப்ராசசர்களுக்கு 95 முதல் 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்து விடும். சேமிக்காத வேலை அதோடு போச்சு!

இந்தப் பாதுகாப்பு எல்லா ப்ராசசர்களிலும் முன்பு இருக்கவில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் ஓடிக் கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்க்கைக் கழற்றிக் காட்டியது. அன்றைய ஏ.எம்.டி. அத்லான் கருகிப் போனது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக் கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்று இரு நிறுவனங்களின் ப்ராசசர்களும் தங்களைக் காத்துக் கொள்கின்றன. ஆகவே வேகம் குறைவது பழுது அல்ல. அது ஒரு எச்சரிக்கை.

சுத்தம் செய்யும் முறை

மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் நீங்களே செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், மென்மையான புது பெயின்ட் பிரஷ், ஒரு ப்ளோயர் போதும்.

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, கேபினட்டின் பின்னால் உள்ள பவர் கேபிளைக் கழற்றி விடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

2. பால்கனி அல்லது வாசலுக்கு எடுத்துச் சென்று பக்க மூடியைத் திறங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் போய்விடும்.

3. பேனின் இறக்கைகளை விரலால் பிடித்துக் கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் பேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடலாம். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே உள்ள தூசியைப் பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

4. ஈரத் துணி கூடாது. வாக்குவம் கிளீனரையும் உள்ளே விடாதீர்கள். அதில் நிலை மின்சாரம் உண்டாகும்.

5. பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் இருக்கலாம். வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள்.

6. முன்பக்கம் வலை பில்டர் இருந்தால் தனியே எடுத்து நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

மூடியை மாட்டிய பின் ஆன் செய்து, எல்லா பேன்களும் சுற்றுகின்றனவா என்று கவனியுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

மெத்தை, தலையணை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு பலகை மேல் வையுங்கள். வாரண்டி உள்ள லேப்டாப்பின் அடி மூடியை நீங்களே திறக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் தூசி எடுக்கச் சொல்லுங்கள்.

வெப்பத்தை எப்படி அறிவது?

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ப்ராசசரின் வெப்பத்தைக் காட்டும். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே வீடியோவை அரை மணி நேரம் ஓட்டி, இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை சுத்தம் செய்யும் நேரம் வந்து விட்டதா என்பதை அந்த நோட்டே சொல்லி விடும்.

நினைவில் வைக்க

* தினமும்: ஓடும்போது துணி உறை போட்டு மூடாதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.
* மாதம் ஒரு முறை: காற்றுத் துளைகளையும் பில்டரையும் பாருங்கள்.
* ஆறு மாதத்துக்கு ஒரு முறை: உள்ளே சுத்தம் செய்யுங்கள். தெருவோர வீடாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.
* சுத்தம் செய்தும் சூடு குறையாவிட்டால்: தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். தெரிந்தவரிடம் மாற்றச் சொல்லுங்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியே மாட்ட வேண்டும்.

அடுத்த முறை யாராவது 'பார்மட் செய்தால் சரியாகி விடும்' என்று சொன்னால், அதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு பிரஷ்ஷும் அரை மணி நேரமும் உங்கள் போட்டோக்களைக் காப்பாற்றக் கூடும்.