சுற்றுச்சாலை வந்தால் போதுமா? சரக்கு வர வழி வேண்டாமா?



ஊரைச் சுற்றிப் புதிய சாலை வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் கடைவீதியில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். ரோடு வந்தால் ஊர் செழிக்கும் என்பது ஒரு கட்சி. ரோடு வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது மற்றொரு கட்சி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த மளிகை வியாபாரம் செய்துவரும் நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன். அனுபவத்தில் நான் கண்டது வேறு. சாலை வருமா, வராதா என்பது நம் கையில் இல்லை. வருகிற சாலை எந்த இடத்தில் ஊரோடு சேருகிறது என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

மதுரை தரும் பாடம்

மதுரையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் திருச்சியிலிருந்து திருநெல்வேலி போகிற லாரியும் ஊருக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டியிருந்தது. பிறகு உத்தங்குடியிலிருந்து கிழக்காகவும் தெற்காகவும் சுற்றிக் கப்பலூரில் சேரும் சுமார் 27 கிலோமீட்டர் சுற்றுச்சாலை வந்தது. மாநகராட்சியே கடன் வாங்கிப் போட்டு, சுங்கம் வசூலித்த சாலை அது. முதலில் இரு வழியாக இருந்து பின்னர் நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டது. மேற்கே சமயநல்லூர் முதல் கப்பலூர் வரை புறவழிச்சாலை. வடக்கே வாடிப்பட்டியிலிருந்து தாமரைப்பட்டிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் நான்குவழிச் சாலைத் திட்டமும் எடுக்கப்பட்டது.

இதனால் ஊருக்கு நன்மை இல்லையா என்றால், உண்டு. வெறுமனே கடந்து போகும் வண்டிகள் வெளியே போய்விட்டன. ஆனால் கீழமாசி வீதிக்கு மூட்டை கொண்டுவரும் லாரி கடந்து போகிற லாரி அல்லவே! அது சுற்றுச்சாலையில் விரைவாக வந்தாலும், கடைசி நான்கைந்து கிலோமீட்டர் பழைய நெரிசலில்தான் நகர வேண்டும். பகலில் கட்டுப்பாடு, இரவில் இறக்க வேண்டும், இறக்குக்கூலி கூடும். மத்தியக் காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணிக்கு மாறியதால் காய்கறி லாரி நகரின் நடுவே வர வேண்டிய தேவை குறைந்தது. பலசரக்குக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால் கஷ்டம் நம்மோடு நின்றுவிட்டது. ஆகவே சாலை மட்டும் போதாது. சாலையும் சரக்கு இறங்கும் இடமும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

நான் பட்ட பாடு

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு புறவழிச்சாலை வந்தபோது, ஊருக்குள் வாடகை கட்ட முடியாமல், அச்சாலையை ஒட்டி இடம் வாங்கிக் கிட்டங்கி கட்டினேன். லாரி நேரே வந்து திரும்பி நிற்கும் என்பது என் கணக்கு. சாலை முடிந்தபோது நடுவே தடுப்புச்சுவர். என் பக்கம் சர்வீஸ் ரோடு இல்லை. எதிர்ப்புறம் வருகிற லாரி என் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டே கடந்துபோய், வெகுதூரம் சென்று திரும்பி வர வேண்டியதாயிற்று. டிரைவர்கள் வாடகையைக் கூட்டிக் கேட்டார்கள்.

பணம் போனது பெரிதல்ல. இருபது ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுத்த ஒரு கிராமத்து மளிகைக்கடைக்காரர் அந்தச் சுற்றைத் தவிர்ப்பதற்காக மொபெட்டில் எதிர்த்திசையில் வந்தார். வேன் மோதிக் கால் போயிற்று. கடையை இப்போது அவர் மனைவி பார்க்கிறார். அந்த அம்மா சரக்குப் பட்டியலோடு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு சுரங்கப்பாதை கேட்டு வாங்கியிருந்தால் அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார்.

நாங்கள் ஏன் கேட்கவில்லை? நிலம் எடுப்பு அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகை என் கடையிலும் கிடந்திருக்கும். யாரும் படிக்கவில்லை. அதில் கடுகு, சீரகம் பொட்டலம் கட்டியிருப்போம்.

சட்டம் தரும் வாய்ப்பு

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956, பிரிவு 3ஏ-யின்படி நிலம் எடுக்கும் எண்ணம் அரசிதழில் வெளியாகும். அதன் சாரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வர வேண்டும். ஒன்று வட்டார மொழிப் பத்திரிகை. 3சி பிரிவின்படி, அரசிதழ் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் அந்த நிலத்தில் உரிமையுள்ளவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம்; அதிகாரி நேரில் விசாரிக்க வேண்டும். அதன்பின் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். பிறகு இழப்பீட்டைப் பற்றித்தான் பேச முடியும்.

இந்த 21 நாளையும் மட்டும் நம்பி இருக்கக்கூடாது. அறிவிப்பு வரும்போது சாலையின் போக்கு பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அளவைக்காரர்கள் வயலில் கல் ஊன்றும்போதே, திட்ட அறிக்கை தயாராகும்போதே நாம் ஆட்சியரையும் திட்ட இயக்குநரையும் சங்கத்தின் பெயரில் சந்திக்க வேண்டும்.

இடம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. நெடுஞ்சாலையை ஒட்டிய இடம் என்பதாலேயே அதற்கு வழி விட வேண்டும் என்பதில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002-ன்படி முன் அனுமதி தேவை. புரோக்கர் பேச்சை நம்பாமல், வழிக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

சுங்கச்சாவடியும் நம் விஷயம்தான். 2008-ஆம் ஆண்டின் கட்டண விதிகளின்படி நகர எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் சாவடி இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. பெரும்பாலும் ஊர் மக்களுக்கென்றே போடப்படும் புறவழிச்சாலை அவற்றில் ஒன்று. கப்பலூர்ச் சாவடியை எதிர்த்துத் திருமங்கலம் பகுதி மக்களும் வணிகர்களும் பல ஆண்டுகள் போராடியதை நாடறியும். சாவடி கட்டிய பிறகு போராடுவதைவிட வரைபடத்திலேயே அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பது சுலபம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: மொத்தக் கடைகளுக்குப் போகும் சாலை புதிய சாலையோடு எங்கே, எப்படிச் சேர்கிறது? அங்கே மேம்பாலமா, ரவுண்டானாவா, வெறும் சந்திப்பா?

இரண்டு: இருபுறமும் தொடர்ச்சியாக சர்வீஸ் ரோடு உண்டா?

மூன்று: கிராமச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் சுரங்கப்பாதை உண்டா? அதன் உயரம் எவ்வளவு? முழு வாகனப் பாதைக்கு ஐந்தரை மீட்டர் விடுவார்கள். தாழ்வாகக் கட்டிவிட்டால் டிராக்டர் போகும், சரக்கு லாரி போகாது.

நான்கு: சந்திப்புக்கு அருகே லாரி நிறுத்தமும், சிறு வண்டிக்குச் சரக்கு மாற்றும் இடமும் ஒதுக்கப்படுமா?

ஐந்து: சுங்கச்சாவடி எங்கே?

இந்த ஐந்து கேள்விகளையும் கிராமத்துச் சில்லறை வியாபாரிகளையும் உடன் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவர்கள் வந்து போக வழி இல்லையென்றால் நம் கடையில் மூட்டை அடுக்கி என்ன பயன்? எதிர்க்கரையில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் இரண்டு உறுப்பினர்களை இதற்கென்றே நியமிக்கட்டும். தினமும் பத்திரிகையில் நிலம் எடுப்பு அறிவிப்பைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. பார்த்த பிறகு பொட்டலம் கட்டிக்கொள்ளலாம்.