சரத் காலக் குறிப்பேடு

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, குளிர் இன்னும் தொடங்காத இடைக்காலமே வட இந்தியாவில் சரத் காலம் எனப்படுகிறது. செப்டம்பர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை நீடிக்கும் இப்பருவத்தில், கங்கைச் சமவெளியின் ஆற்றங்கரைகளில் நாணல் வெண்ணிறக் கதிர்களை விரிக்கிறது. வங்காளத்தில் பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. தில்லிச் சாலைகளில் ஏழிலைப்பாலை பூத்துக் கடுமணம் வீசுகிறது. மழையுடன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சுடலைக்குயில் விடைபெறுகிறது; இமயமலையிலிருந்து வாலாட்டிகள் சமவெளிக்கு இறங்குகின்றன.

இம்மாற்றங்கள் யாவும் ஒரே காரணத்தால் நிகழ்வன அல்ல. தாவரங்களில் பல இரவின் நீளத்தை அளந்து பூக்கின்றன. பறவைகள் பலவும் பகற்பொழுதின் அளவைக் கொண்டே பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. பகலிரவின் அளவு ஆண்டுதோறும் மாறுவதில்லை. மழையும் வெப்பமுமோ ஆண்டுக்காண்டு மாறுவன. மழையைப் பின்பற்றும் மரம் பிந்திப் பூத்து, பகலளவைப் பின்பற்றும் பறவை உரிய நாளில் வந்தால், உணவும் உண்போரும் ஒன்றையொன்று தவறவிடக்கூடும். இத்தகைய பிறழ்ச்சி நேர்கின்றதா என்பதை நீண்டகாலப் பதிவுகளே கூறவல்லன.

இதற்கு மழைப் பதிவே சான்று. வடமேற்கு இராஜஸ்தானிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் சராசரி நாள் செப்டம்பர் 1 என்று முன்பு கொள்ளப்பட்டது. அக்கணக்கு 1901 முதல் 1940 வரையிலான பதிவுகளைச் சார்ந்தது. பிற்காலப் பதிவுகளை ஆராய்ந்து, இந்திய வானிலைத் துறை 2020-இல் அதனைச் செப்டம்பர் 17 எனத் திருத்தியது. மழைமானியைப் பார்ப்பவர் மழை பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுதிவைத்தமையாலேயே இத்திருத்தம் இயன்றது.

மரத்துக்கும் பறவைக்கும் இவ்விதியே பொருந்தும். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அருகிலுள்ள நாட்டு மரம் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு எண் இடுதல் வேண்டும். வாரந்தோறும் ஒரே கிழமையில் தளிர், மொட்டு, மலர், காய் ஆகிய ஒவ்வொன்றையும் ‘இல்லை’, ‘சில’, ‘பல’ என்னும் மூன்று சொற்களால் குறித்தல் போதும். நாடு முழுவதும் நடைபெறும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவரும் இவ்வாறே பதிவு செய்கின்றனர்.

இவற்றுள் ‘இல்லை’ என்பதே பெரும்பாலும் விடுபடுகிறது. பூவைக் கண்ட நாளை மட்டும் எழுதினால், அது பூத்த நாளா, கண்ணில் பட்ட நாளா என்று பின்னர் அறிய இயலாது. முந்தைய வாரம் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், பூத்தது அவ்வேழு நாட்களுக்குள்தான் என்பது உறுதியாகும். பறவைகளில் இது மேலும் இன்றியமையாதது. வருகை எளிதில் புலப்படும், பிரிவு புலப்படாது. சுடலைக்குயிலைக் கடைசியாகக் கண்ட நாள் அதுவே என்பதை அன்று எவரும் அறியார். கண்ட நாளையும் தேடிக் காணாத நாளையும் தொடர்ந்து குறித்தவரே பின்னர் அதனைக் கூறமுடியும்.

பணியாளரும் ஆசிரியரும் மாற்றலாகிச் செல்வது இயல்பு. பதிவும் அவர்களுடன் சென்றுவிட்டால் பல்லாண்டு உழைப்பு பயனற்றுப்போகும். ஆதலின் மரத்தின் பெயர், எண், நிற்குமிடம், பார்க்கும் கிழமை ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதி, குறிப்பேட்டை நிலையத்தின் உடைமையாக வைத்தல் வேண்டும். அடுத்து வருபவர் அதே மரத்தின் அடியில் நின்று, அடுத்த வரியை எழுதுவார்.