சில்லுக்குள் ஒரு படிக்கல்

மடுல்கெல்லையிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்து விடியற்காலைக் குளிரிலும் கொழும்பு வெயிலிலும் போன் பற்றரி எப்படி ஒரே அளவில் சார்ஜ் ஆகி நிற்கிறது?"

பல லித்தியம் பற்றரிகளை 4.2 வோல்ற்றில் நிறுத்தியாக வேண்டும். தாண்டினால் ஊதும், தீப்பிடிக்கவும் கூடும். 4.2 வந்துவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லுக்குள் மாறாத வோல்ற்றளவு ஒன்று வேண்டும். கடைத் தராசுக்கு முத்திரை குத்திய படிக்கல் எப்படியோ, அப்படி.

ஆனால் சிலிக்கன் வெப்பத்துக்கு ஆடிப்போகும். திரான்சிஸ்டர் சந்தியின் வோல்ற்றளவு சுமார் 0.65. ஒரு பாகை ஏறினால் அதில் 2 மில்லிவோல்ற்று குறையும். அதையே படிக்கல்லாக வைத்து, 35 பாகையில் சரிசெய்த சில்லை 15 பாகைக் குளிருக்குக் கொண்டுவந்தால், 4.2இல் நிற்க வேண்டியது கால் வோல்ற்று தாண்டித்தான் நிற்கும்.

இதற்குக் கண்ட தீர்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு திரான்சிஸ்டரிலும், அதைப்போல் எட்டு மடங்கு பரப்புள்ள இன்னொன்றிலும் ஒரே மின்னோட்டத்தை விடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டுக்கும் இடையே 54 மில்லிவோல்ற்று வித்தியாசம் வரும். வெப்பம் ஏற ஏற இந்த வித்தியாசம் கூடும். அதைப் பதினொரு மடங்காக்கி, முதலில் சொன்ன சந்தி வோல்ற்றளவோடு சேர்த்தால் ஏற்றமும் இறக்கமும் ஈடாகிவிடும். கிடைப்பது ஏறத்தாழ 1.2 வோல்ற்று. எந்த ஆலையில் செய்தாலும் இதே 1.2ஐ ஒட்டித்தான் வரும், ஏனென்றால் அது சிலிக்கனின் ஆற்றல் இடைவெளியோடு பிணைந்தது. 1964இல் டேவிட் ஹில்பைபர் இந்த வழியைக் காட்டினார். 1970களின் தொடக்கத்தில் பொப் விட்லர் அதைச் சந்தைக்கு வந்த சில்லுகளுக்குள் அடக்கினார்.

போன் தூங்கும்போதும் இந்த உறுப்பு விழித்திருக்கும், ஆகவே சிக்கனம் தேவை. மின்னோட்டத்தைக் குறைக்கப் பெரிய தடைகள் வேண்டும், அவையோ சில்லில் இடத்தை விழுங்கும். ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு தடைகளையே விட்டுவிட்டு, 2009இல் வெறும் 300 நனோவாற்றில் ஒன்றை இயக்கிக் காட்டியது.

பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கக் காசு கட்டும் பெற்றோர், இப்படிச் சில்லுக்குள் சுற்று வடிவமைக்கும் கலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பேராதனையில் பொறியியல் படித்த நிஹால் குலரத்ன, நியூசிலாந்து வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் வோல்ற்றளவுச் சீராக்கிகளின் வீண் வெப்பத்தைக் குறைக்கும் புது வழியையே உருவாக்கினார். உங்கள் மாவட்டத்தில்தானே பேராதனை!

மகள், கண்டி எலெக்ட்ரோனிக் கடையில் உள்ளே இதே வகைப் படிக்கல் உள்ள டிஎல்431 என்ற மூன்றுகால் சில்லும் சாதாரண டயோட்டும் கேட்டு வாங்குங்கள். டிஎல்431இன் ரெஃபரன்ஸ் காலைக் கதோட்டுக் காலோடு சேர்த்துவிட்டு, தடை வழியே 5 வோல்ற்றில் இரண்டையும் தனித்தனியே இணைத்து, முதலில் வெயிலில், பிறகு ஐஸ்கட்டி வைத்து மல்டிமீற்றரில் பாருங்கள். டயோட்டின் இலக்கம் நகரும். டிஎல்431 இரண்டரை வோல்ற்றை ஒட்டியே நிற்கும்.