சென்னை மேற்குப் புறநகரில் எஸ்.யூ.வி. டயர் தேர்வு

எஸ்.யூ.வி. உள்ளிட்ட மகிழுந்துகளின் டயர்கள், அவை ஓடும் தட்பவெப்பத்தைப் பொறுத்துக் கோடைகால டயர், குளிர்கால டயர், அனைத்துப் பருவ டயர் என மூன்று வகைப்படும். இந்தப் பிரிவு பனிப்பொழிவு உள்ள நாடுகளின் தேவையிலிருந்து உருவானது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் பனி இல்லை. இங்கு டயரைச் சோதிப்பவை இரண்டு: ஏப்ரல் முதல் சூன் வரையிலான வெப்பமும், அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும். ஆகவே இப்பகுதியில் டயர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது ஈரச்சாலைப் பிடிப்பையும் வெப்பம் தாங்கும் திறனையுமே.

மூன்று வகைகளும் வேறுபடும் விதம்

டயர் என்பது ரப்பரால் மட்டும் ஆனதன்று. கரித்தூள், சிலிக்கா, எண்ணெய்கள் முதலியவை சேர்ந்த கலவை அது. இக்கலவை எந்த வெப்பநிலையில் நெகிழ்வாக இருக்கிறது என்பதே வகைகளுக்கு இடையிலான முதல் வேறுபாடு.

கோடைகால டயரின் கலவை வெப்பத்திலும் உறுதி குலையாது. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே அது இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன் மேற்பரப்புக் கட்டைகளில் பனியைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய கீறல்கள் பல இருக்கும். அனைத்துப் பருவ டயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது மிதமான குளிரையும் மிதமான வெப்பத்தையும் சமாளிக்கும். ஆனால் கடும் பனியில் குளிர்கால டயருக்கும், கடும் வெப்பத்தில் கோடைகால டயருக்கும் ஈடாகாது.

மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த குறி, அந்த டயர் பனிச்சாலைச் சோதனையில் தேறியதைக் காட்டுகிறது. 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் சேறு, பனி ஆகியவற்றுக்கு ஏற்றது என்ற தயாரிப்பாளரின் கூற்று மட்டுமே. இந்தியக் கடைகளில் 'ஆல் சீசன்' என்று சொல்லி விற்கப்படும் டயர்கள் பலவற்றில் பனித்துகள் குறி இருப்பதில்லை. வெயில், மழை இரண்டுக்கும் ஆகும் என்ற பொருளிலேயே அச்சொல் இங்கு வழங்குகிறது.

சென்னையில் குளிர்கால டயர் ஏன் பொருந்தாது

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியசு. மிக அதிக அளவு 2003 மே மாதத்தில் பதிவான 45 பாகை. ஆக, கோடைகால டயர் இறுகிப்போகும் 7 பாகையை இந்நகரம் தொட்டதே இல்லை. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்போ 60 பாகையை எட்டக்கூடும். அத்தகைய சாலையில் குளிர்கால டயரின் மென்மையான ரப்பர் விரைவில் தேயும். திருப்பங்களில் வண்டி நெளியும். தடுப்பு பிடித்தபின் வண்டி நிற்கும் தூரமும் கூடும்.

மழையும் டயரும்

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெய், புழுதி ஆகியவற்றோடு கலந்து வழுக்கலை உண்டாக்கும்.

மழை வலுக்கும்போது வேறோர் ஆபத்து சேர்கிறது. டயரின் பள்ளங்கள் நீரை வெளியே தள்ளும் வேகத்தைவிட நீர் வந்து சேரும் வேகம் மிகுந்தால், டயர் சாலையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். அப்போது திருப்பியும் தடுப்பும் பயன்தராது. இதனை நீர்வழுக்கல் என்பர். பள்ளத்தின் ஆழத்தைவிட நீரின் ஆழம் மிகும் நிலைக்கு, 1963-இல் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 33 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் உள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 96 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும்; 25 பி.எஸ்.ஐ. ஆகக் குறைந்தால் 83 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். விமான டயர்களை வைத்து உருவான இக்கணக்கு மகிழுந்துக்குத் தோராயமானதே. ஆயினும் பூந்தமல்லியைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் இவ்வேகங்கள் வழக்கமானவை.

தேய்ந்த டயரில் சிறிதளவு நீரே இந்நிலைக்குப் போதும். புதிய டயரில் பள்ளம் ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் மகிழுந்துகளுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்கின்றன. பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். அது சட்டத்தின் எல்லை மட்டுமே. மழைக்காலப் பாதுகாப்புக்கு 3 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றுவது நல்லது.

நீர் தேங்கிய இடத்தில் எந்த வகை டயரும் காப்பாற்றாது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியது. 60 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் எஸ்.யூ.வி.யையும் அடித்துச் செல்ல வல்லது.

எச்.டி., ஏ.டி. டயர்கள்

எஸ்.யூ.வி. உரிமையாளர் உண்மையில் எதிர்கொள்ளும் தேர்வு இதுவே. எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயரின் கட்டைகள் நெருக்கமானவை, ஓசை குறைவு, தார்ச்சாலைப் பிடிப்பு நன்று. ஏ.டி. எனப்படும் பல்தள டயரின் கட்டைகள் பெரியவை, இடைவெளி மிக்கவை. மண், சரளைப் பாதைகளுக்கு உகந்தவை. அவை பொதுவாக எடையும் ஓசையும் எரிபொருள் செலவும் கூடுதலானவை. ஈரமான தார்ச்சாலையில் பெரும்பாலும் எச்.டி. டயரே குறைந்த தூரத்தில் நிற்கும்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகத் திருநின்றவூர் வரை சி.டி.எச். சாலையில் நாள்தோறும் செல்பவருக்கு எச்.டி. டயர் போதும். வாரந்தோறும் மண்பாதையில் செல்ல வேண்டியவருக்கு ஏ.டி. டயர் பயன்படும். தோற்றத்துக்காக மட்டும் அதை மாட்டுபவர், மழைநாளில் கிடைக்க வேண்டிய பிடிப்பில் ஒரு பகுதியை இழக்கக்கூடும்.

பெரிய ரிம்முக்கு மாறி, உயரம் குறைந்த பக்கச்சுவர் கொண்ட டயரைப் போடுவதும் இப்பகுதிக்கு ஏற்றதன்று. மழைநீர் மறைத்த குழியில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கப் பக்கச்சுவரின் உயரம் தேவை. இல்லையெனில் உள்நூல்கள் அறுந்து பக்கவாட்டில் புடைப்பு உண்டாகும். புடைத்த டயரைப் பழுதுபார்க்க இயலாது, மாற்றவே வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் காண வேண்டியவை

* அளவு: எடுத்துக்காட்டாக 215/60 ஆர் 17. அகலம் 215 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு; ரிம்மின் விட்டம் 17 அங்குலம்.
* சுமை, வேகக் குறியீடு: 96 எச் என்றால் ஒரு டயர் 710 கிலோ வரை சுமக்கும்; மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும். வண்டி நிறுவனம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது.
* வெப்பத் தரம்: ஏ, பி, சி என்ற மூன்றில் ஏ சிறந்தது. எல்லா டயர்களிலும் இது அச்சிடப்படுவதில்லை.
* தயாரிப்பு நாள்: நான்கு இலக்க எண். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை: இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்து டயர்களுக்குக் கட்டாயம்.

பராமரிப்பு

காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். வெயிலில் டயர் வெடிக்கும் என்று அஞ்சிக் காற்றைக் குறைப்பது தவறான பழக்கம். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து நிமிரும். அதனால் வெப்பம் கூடும். வெடிக்கும் வாய்ப்பும் மிகும். இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாயின் புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடுமாறு டயர் நிறுவனங்கள் பொதுவாகப் பரிந்துரைக்கின்றன. ஈரச்சாலையில் பின்பகுதி வழுக்கினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம்.

குளிர்கால டயர் தேவைப்படும் இடங்கள்

உதகமண்டலத்தில் திசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி படிவதுண்டு. எனினும் சாலையை மூடும் பனிப்பொழிவு இல்லாததால் சுற்றுலா செல்பவர் டயரை மாற்ற வேண்டியதில்லை. இந்தியாவில் காசுமீர், லடாக்கு, இமாச்சலத்தின் உயர்பகுதிகள் போன்ற இடங்களிலேயே குளிர்கால டயரும் பனிச்சங்கிலியும் பயன்படுகின்றன. தமிழர் கணிசமாக வாழும் மொண்ட்ரியால் அமைந்துள்ள கனடாவின் கியூபெக்கு மாகாணத்தில், ஆண்டுதோறும் திசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயமாகும்.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை மழையில் நிறுத்துபவை அந்த நான்கு உள்ளங்கைகள்தாம். எனவே இப்பகுதியில் டயரை மாற்ற ஏற்ற காலம், பருவமழை தொடங்குவதற்கு முந்தைய செப்டம்பர் மாதமாகும்.